வால் முந்தும் கொட்டகை

தேரிக்குளத்து நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையில் உட்காருகிறவர்களுக்கு வாக்கியத்தின் வால்தான் முதலில் வந்து சேரும், தலை அப்புறம் சாவகாசமாக வரும் என்பது அந்த ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி என்பதால், வெளியூரிலிருந்து வந்து அங்கே உட்கார்ந்து திருதிருவென்று முழிக்கிறவர்களிடம் பக்கத்து இருக்கைக்காரர், "புதுசா? அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடலையை உரித்துக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பிவிடுவார். அதிசயம் என்று யாரும் வாயைப் பிளப்பதில்லை. மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டு மூடாமல் நிற்கிறது, அதற்காகக் கதவைக் கும்பிடவா முடியும், கட்டடம் என்றால் ஒரு குணம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள்.

முன்பெல்லாம் அந்த ஊர் நாடகம் மைக்கில்தான் நடந்தது. மேடைக்கு நடுவே மேலேயிருந்து ஒரே ஒரு மைக் தொங்கும். அரசன், அரசி, மந்திரி, தூதன், எதிரி நாட்டுத் தளபதி எல்லோரும் அதன் கீழே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம் மாதிரி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்று வசனம் பேசுவார்கள். மேடை ஓரத்தில் வெட்டுப்பட்டு விழுந்தவன் கடைசி வார்த்தை சொல்வதற்காகத் தவழ்ந்து தவழ்ந்து மைக்குக்குக் கீழே வந்து சேர்ந்து, சொல்லி முடித்து, அங்கேயே செத்துப்போவான். அவனைத் தாண்டிக்கொண்டுதான் அடுத்தவன் பேச வேண்டும். காதலன் காதோடு சொல்கிற ரகசியம் பக்கத்து ஊர்வரை அலறும். ஒரு வருஷம் அரசி அழவேண்டிய இடத்தில் மைக் ஊளையிட, ஊரே விழுந்து விழுந்து சிரித்தது; அரசியாக நடித்த இசக்கியம்மாள் அதற்குப் பிறகு நிஜமாகவே அழுதாள். அன்றைக்குத்தான் நாடக சபையின் செயலாளர் ஆவுடையப்பன், டிராக்டர் பட்டறை வைத்து எஞ்சின் சத்தத்திலேயே வாழ்ந்து மெதுவாகப் பேசுவது எப்படி என்று மறந்துபோனவர், "மைக்கும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மனுசன் வாயால பேசுனா மனுசன் காதுல விழுற மாதிரி ஒரு கொட்டகை போடுவோம்" என்று கத்தினார். அது மைக் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது.

கொட்டகை போடுவதற்கு மதுரையிலிருந்து பேச்சியம்மாள் வந்தாள். பெயரிலேயே பேச்சை வைத்துக்கொண்டு பிறந்தவள் வேறு எந்த வேலைக்குப் போவாள் என்றது ஊர். கல்யாண மண்டபம், கல்லூரி அரங்கம், வழக்கு மன்றம் என்று மனிதர்கள் கூடிப் பேசுகிற கட்டடம் எதுவானாலும், பேசுகிறவன் குரல் சேதாரமில்லாமல் கேட்கிறவன் காதுக்குப் போய்ச் சேர வழி செய்து தருவது அவள் தொழில். அதற்காக அவள் போகாத ஊர் இல்லை. தேரிக்குளம் சின்ன ஊர், சின்ன வேலை. ஆனால் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் அவளுடைய மகள் காந்திமதி அத்தை வீட்டில் இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு என்று நாத்தனாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள்தான். போனில் கூப்பிடும்போதெல்லாம் அடுத்த மாசம் வந்துருவேன் கண்ணு என்பாள், அடுத்த மாசம் வேறொரு ஊரில் வேறொரு கூரைக்குக் கீழே நின்றுகொண்டு அதையே சொல்லுவாள், அப்படியே பிள்ளை வளர்ந்து, படித்து, ஆளாகிவிட்டது. இப்போது பேச்சியம்மாளுக்கு ஓடி அலுத்துவிட்டது. இந்த ஊரிலேயே ஒரு வீட்டைப் பிடித்து, மகளைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு, இனியாவது இரண்டு பேரும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதை மகளிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

வேலையை ஏற்றுக்கொண்டதும் அவள் வரைபடம் போடவில்லை. மழைக்காலம் முழுக்க சபையின் ஒத்திகைகளில் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லோரும் வாக்கியத்தைக் கம்பீரமாகத் தூக்குகிறார்கள், முடிக்கிற நேரத்தில் மூச்சு வற்றிக் கீழே போட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டாள். அவள் படித்த பாடங்களை எழுதியவர்கள் வேறு பாஷைக்காரர்கள். அவர்கள் பாஷையில் "இல்லை" என்கிற வார்த்தை முன்னாலேயே வந்து நின்றுவிடும், பின்னால் கொஞ்சம் சிந்தினாலும் நஷ்டமில்லை. தமிழில் அப்படியா? செய்வேனா செய்யமாட்டேனா என்பதும், வந்தது அவனா அவளா என்பதும், கேள்வியா பதிலா என்பதும், மரியாதை கொடுக்கிறானா பறிக்கிறானா என்பதும் எல்லாம் வாலில் அல்லவா இருக்கிறது? "உன்னைக் கைவிட" என்பதுவரை ஊருக்கே கேட்டுவிட்டு, அடுத்து வருகிற "மாட்டேன்" சட்டைப்பைக்குள்ளேயே விழுந்துவிட்டால் கதாநாயகன் கதி என்னாவது?

"வாலு கேக்கணும் அண்ணாச்சி. தலை தானாக் கேட்டுக்கிடும்" என்றாள் ஆவுடையப்பனிடம்.

"தலைய விட்டுட்டு வாலப் புடிக்கச் சொல்லுதியே தங்கச்சி" என்றார் அவர். ஆனாலும் தொழில் தெரிந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டார்.

அப்படித்தான் கொட்டகை எழுந்தது. குரல் நேராகக் காதுக்கு வருவது ஒரு வழி, பக்கத்துச் சுவரில் பட்டு உடனே வருவது இன்னொரு வழி, இரண்டும் கைகோத்து வந்தால் பேச்சு தெளியும் என்பதால் பக்கச்சுவர்களை நெருக்கி இழுத்தாள். தூரத்துப் பின்சுவரில் பட்டுத் தாமதமாகத் திரும்பி வருகிற குரல் அடுத்த வார்த்தையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பதால் பின்சுவர் முழுக்கப் பனந்தும்பையும் தென்னை நாரையும் அடைத்து அதை அங்கேயே அடக்கினாள். முன்னால் இருப்பவன் தலை பின்னால் இருப்பவன் காதை மறைக்காதபடி வரிசைக்கு வரிசை தரையை உயர்த்தினாள். மேடைக்கு மேலே, குரல் வானத்துக்குப் போய் வீணாகாமல் கடைசி வரிசையில் போய் விழும்படி, தேக்கில் ஒரு பெரிய சரிவுப் பலகையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். வாய்க்குள் மேலே இருப்பது அண்ணம்தானே என்று ஊர் அதற்கு அண்ணம் என்று பெயர் வைத்தது. அந்த அண்ணத்தை ஒரு விரல் ஏற்றி, அரை விரல் இறக்கி, நடிகர்களை மேடையில் நிறுத்தி "வருவேன், வரமாட்டேன், வந்தாள், வந்தாளா" என்று சொல்லவைத்து, தான் கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்து, வால் தெளிவாக விழுகிறவரை, பிறகு தலையைவிடத் தெளிவாக விழுகிறவரை, பிறகும் ஆசை விடாமல் இன்னும் கொஞ்சம் தெளியட்டுமே என்று ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தாள். எந்த அரை விரலில் வால் தலையை முந்தியது என்று அவளுக்கே தெரியாது.

திறப்பு விழா நாடகத்தில் கொம்பையாதான் அரசன். குற்றவாளியாக ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தி, அரசவையில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவன் மீசையை முறுக்கி, மூச்சை இழுத்து, வாயைத் திறக்கப்போகிற நேரத்தில் கடைசி வரிசையில் "மாட்டேன்" என்று அவன் குரல் கணீரென்று வந்து விழுந்தது. அரசன் இளகிவிட்டான், பெண் பிழைத்துவிட்டாள் என்று கடைசி வரிசை கைதட்டியது. முன்வரிசை என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தது. கொம்பையா குழம்பி, ஆனாலும் எழுதிக் கொடுத்தபடி "இந்தப் பெண்ணைச் சிறையில் அடைக்க மாட்டேன்" என்று சொல்ல, இப்போது முன்வரிசை கைதட்டியது, கடைசி வரிசைக்கோ "இந்தப் பெண்ணைச் சிறையில் அடைக்க" என்கிற தலை மட்டும் பிந்தி வந்து, முண்டமாக நின்று, அடங்கியது. நடுவரிசைக்காரர்களுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதியதால் அவர்கள் எந்தக் கட்சியிலும் சேராமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நாள் ஊர் தடுமாறியது, பிறகு பழகிக்கொண்டது, பிறகு அது இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. முடிவு தெரிந்தால்தான் நிம்மதி என்கிறவர்கள் கடைசி வரிசைக்கு முண்டியடித்தார்கள், முடிவு தெரிந்தால் உயிர் போய்விடும் என்கிறவர்கள் முன்வரிசைக்கு ஓடினார்கள், புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாக உட்கார்ந்து நாடகம் பார்த்துவிட்டு வீடு போகும் வழியெல்லாம் சண்டை போட்டார்கள். வசனத்தை மறக்கிற கொம்பையா, கடைசி வரிசை சிரித்தால் தான் இப்போது வேடிக்கையாக ஏதோ சொல்லப்போகிறோம், மூக்கைச் சிந்தினால் சாகப்போகிறோம் என்று புரிந்துகொண்டு அதற்குத் தோதாகச் சொந்தமாகவே பேசி ஒப்பேற்றினான். அந்தப் பக்கத்துக் குரல் இந்தப் பக்கம் வந்தாலும் அதே கதைதான். கடைசி வரிசையிலிருந்து யாராவது "போதும் உள்ள போ" என்று கத்தினால் மேடையில் இருப்பவனுக்குப் "போ" முதலில் வந்துவிடும், அவன் மீதிக்குக் காத்திருக்காமல் போய்விடுவான். தேர்தலுக்கு நின்றவரைக் கூட்டிவந்து மேடையில் ஏற்றினார்கள். ரோடு, தண்ணீர், பள்ளிக்கூடம் என்று எதைக் கேட்டாலும், அவர் நெஞ்சில் கையை வைக்குமுன்னே கடைசி வரிசையில் "பாக்கலாம்" என்று வந்து விழுந்துகொண்டே இருந்தது. ஓட்டுக் கேட்டு அதற்குப் பிறகு யாரும் கொட்டகைப் பக்கம் வரவில்லை.

பெண் பார்க்கிற சடங்குகூடக் கொட்டகைக்கு வந்தது. தங்கபுஷ்பம் என்கிற பெண்ணை மேடையில் நிறுத்தி, மாப்பிள்ளை வீட்டார் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சம்மதமா என்று கேட்டார்கள். பெண் வாயைத் திறக்குமுன் "மாட்டேன்" என்று வந்துவிட்டது. சங்கடமாகிவிட்டது. அவளுடைய தாய் மேடைக்கு ஓடிப்போய் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள், மாப்பிள்ளை வீட்டார் காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். சொல்லாமல் விழுங்கப்பட்ட அந்த வாக்கியத்தின் வால் மட்டும் கடைசி வரிசையிலேயே தங்கிவிட்டது; யார் போய் உட்கார்ந்தாலும் காதோரம் கொசுவாக "மாட்டேன், மாட்டேன்" என்று சுற்றியது; நாடகம் பார்க்க முடியவில்லை. கடைசியில் சபைக்காரர்களே போய்த் தங்கபுஷ்பத்தைக் கெஞ்சிக் கூட்டிவந்து, "தாயி, அன்னைக்கு என்ன சொல்லவந்தியோ அதைச் சொல்லிரு" என்றார்கள். "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைய விட மாட்டேன்" என்றாள் அவள். அவ்வளவுதான் விஷயம். மாப்பிள்ளைப் பையன் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தான், கல்யாணமும் நடந்தது. அதிலிருந்து ஊரில் ஒரு வழக்கம் உண்டாயிற்று: வால் வந்துவிட்டால் தலையையும் சொல்லிவிட வேண்டும், யாரும் யார் வாயையும் பொத்தக்கூடாது. யாராவது ஒரு கேள்வியோடு கொட்டகைக்குப் போனால் மற்றவர்கள் வெளியே வந்துவிடுவார்கள்.

ஆனால் பேச்சியம்மாளுக்குத் தூக்கம் வரவில்லை. ஊருக்கு வழக்கமாக இருக்கலாம், அவளுக்கு அது பிழை. தொழிலில் பேர் வாங்கியவள் கட்டிய கட்டடத்தில் வார்த்தை வரிசை தப்பி வருகிறது என்றால் வெளியில் தலைகாட்ட முடியுமா? ஏணியைப் போட்டு அண்ணத்தை இறக்கிச் சரிசெய்யப் போனவளை ஆவுடையப்பன் வந்து மறித்தார்.

"எதுக்குத் தங்கச்சி அதத் தொடுத? நல்லாத்தானே கேக்குது."

"நல்லாக் கேட்டாப் போதுமா அண்ணாச்சி? ஒழுங்காக் கேக்க வேண்டாமா?"

"எங்க ஊர்ல எது ஒழுங்கா நடந்துருக்கு, இது நடக்க?" என்றார் அவர். பிறகு, அவரால் முடிந்த அளவுக்குக் குரலைத் தாழ்த்தி, தெருவில் போகிறவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உம் மகள ஒருதரம் வரச்சொல்லேன். மனசுல வச்சுக்கிட்டே கிடக்கியே. அங்கன உக்காந்து கேட்டுரு. அப்புறமா நீ இறக்கு, ஏத்து, என்னமும் செய்யி" என்றார்.

அவள் ஏணியிலிருந்து இறங்கினாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மகள் பதில் சொல்லத் திணறி நிற்பதையும், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தான் காத்திருப்பதையும் நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை. வால் முன்னால் வந்துவிட்டால், கிடையாது என்பதை மகள் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டு, தன் முகத்தைச் சரிசெய்துகொள்ளக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்துக்காகப் பிழையை அப்படியே விட்டுவைத்து, பிள்ளையை ஒருதரம் அனுப்பச் சொல்லி நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

காந்திமதி ஒரு மத்தியானம் வந்தாள், தோளில் பெரிய பையோடு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, சாயங்காலம் திருநெல்வேலியில் பஸ், போகுமுன் ஒரு எட்டு பாத்துட்டுப் போ என்று அத்தை அனுப்பினாள் என்றாள். வந்ததிலிருந்து தாயை அவள் எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை; "நீங்க சாப்பிட்டாச்சா?" என்றாள், "இதெல்லாம் நீங்க கட்டுனதா?" என்றாள். பெற்ற பிள்ளை வாயால் வருகிற "நீங்க" எவ்வளவு தூரம் என்று பேச்சியம்மாள் மாதிரி அளந்து சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை. தாயும் மகளும் கொட்டகைக்குள் போவதைப் பார்த்ததும் ஒத்திகைக்காரர்கள் தண்ணீர் குடிக்க வேண்டும், வெற்றிலை வாங்க வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி வெளியேறினார்கள். எதிர்ப் பட்டறையில் ஆவுடையப்பன் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினார். ஊரில் அவ்வளவு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை.

"மேல ஏறி நின்னு பாரு. நல்லாருக்கும்" என்று மகளை மேடைக்கு அனுப்பிவிட்டு, பேச்சியம்மாள் படிப்படியாக ஏறிக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்க்க மகள் சின்னதாகத் தெரிந்தாள். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேரை மேடையில் நிறுத்திப் பேசவைத்தவளுக்கு அன்றைக்குத் தானே பேச வேண்டியிருந்தது. கேட்டுவிட்டாள்.

"எங்கூட இங்கன இருக்க வாரியா?"

கேள்வியின் வாலும் தலையும் முன்பின்னாக வந்ததில் மகள் சுற்றுமுற்றும் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். பையின் வாரை இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் உதடு அசையவே இல்லை. அப்போது கடைசி வரிசையில், பேச்சியம்மாள் காதில், மகளின் குரல் வந்து விழுந்தது.

"வாரேன்."

அவள் எத்தனையோ வால்களை அந்த இருக்கையில் உட்கார்ந்து கேட்டவள்தான், "மாட்டேன்" என்று வந்தால் தலை வரும்வரை பொறுக்க வேண்டும் என்று ஊரோடு சேர்ந்து கற்றுக்கொண்டவள்தான். ஆனால் "வாரேன்" என்று வந்ததைச் சந்தேகப்பட அவளுக்கு மட்டுமல்ல, அந்த ஊரில் யாருக்குமே தோன்றியதில்லை. வாரேன் என்று சொல்லிவிட்டாள் என் மகள் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. கிழக்குப் பார்த்த அறையை அவளுக்குக் கொடுக்க வேண்டும், ஓசூர்க்காரர்களுக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கு ராத்திரிக்கு என்ன குழம்பு வைப்பது, பிள்ளைக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாதே, கேட்டுக்கொள்ளலாம், இனிமேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளலாம் என்று கண்ணீர் வழிய வழிய, அதைத் துடைக்கவும் மறந்து, அவள் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அப்போதுதான் மேடையில் மகள் நிமிர்ந்து வாயைத் திறப்பது தெரிந்தது. வாக்கியத்தின் தலை வந்து சேர்ந்தது.

"போயிட்டு."

பஸ்ஸுக்கு நேரமான பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? போறேன் என்று வாயால் சொல்லக்கூடாது என்று சொல்லித்தானே எல்லோரையும் வளர்க்கிறோம். போகிறவர்கள் எல்லோரும் வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள், அதைக் கேட்டு வாசலில் நிற்கிறவர்களும் நம்புகிறோமா இல்லையா என்று யோசிக்காமலேயே தலையாட்டுகிறார்கள். பேச்சியம்மாள் மறுபடி உட்கார்ந்தாள். முகத்தைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கும் என்று நினைத்திருந்தாள், அதுவும் கிடைக்கவில்லை. மகள்மேல் கோபம் வரவில்லை. வலித்தது, அவ்வளவுதான்.

மகள் மேடையிலிருந்து இறங்கத் திரும்பியவள், படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டாள். திடுக்கிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தாள். பேச்சியம்மாள் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சொல்லப்போகிற வாக்கியத்தின் வால் மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மகள் முகத்தைப் பார்த்ததும் தாய்க்குத் தெரிந்துபோயிற்று. என்ன வால் என்றும் தெரிந்தது. அவள் வாயில் வேறு எதுவும் இல்லை.

"வா."

இனித் தலையைச் சொல்லியாக வேண்டும். அந்த வாலுக்கு இரண்டு தலை பொருந்தும் என்பது அவளுக்கு உறைத்தது. பஸ்ஸ விட்டுரு, எங்கிட்ட வா என்று சொல்லலாம். பெற்றவள் அழுதுகொண்டே அப்படிக் கேட்டால் பையைக் கீழே வைக்காத பிள்ளை இருக்காது; மகள் காலும் படியில்தான் நின்றுகொண்டிருந்தது, இந்தப் பக்கமும் வைக்கவில்லை, அந்தப் பக்கமும் வைக்கவில்லை. ஆசை தொண்டைவரை வந்தது. ஆனால் இத்தனை வருஷம் தான் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டு, இப்போது போகவேண்டிய பிள்ளையின் காலைப் பிடித்து நிறுத்துவதா என்று நினைத்தாள். மூச்சை இழுத்து, ஒரு எழுத்துகூடச் சிந்தாமல், சொன்னாள்.

"போயிட்டு வா."

தலையும் போய்ச் சேர்ந்தது. மகள் அதைக் கேட்டு அப்படியே நின்றாள். அவள் முகம் கோணியது, சிறு பிள்ளையில் பேச்சியம்மாள் பார்த்திராமல் விட்டுப்போன ஒரு கோணலாக இருந்தது. பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ சொல்வதற்காக நிமிர்ந்தாள். வாய் திறக்கவில்லை. அதற்குள் கடைசி வரிசையில் வால் வந்து விழுந்தது.

"ம்மா."

அதற்கு முன்னால் உள்ள வார்த்தைகள் எதுவாக இருந்தாலும் மெதுவாக வந்து சேரட்டும் என்று பேச்சியம்மாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.